தவிட்டுப் புழுவுக்குத் துணையாகப் போனவள்

என் வாய் சும்மா இருந்திருந்தால் என் மனைவி இன்று உயிரோடு இருந்திருப்பாள். சுற்றி வளைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடல் கொண்டுபோயிற்று, காய்ச்சல் கொண்டுபோயிற்று என்று சபையில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் பெருமைக்காகச் சொன்ன ஒரு பொய்தான் கொண்டுபோயிற்று. அதுவும் எதைப் பற்றிய பொய்? தவிட்டில் நெளிகிற புழுவைப் பற்றியது. நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து லைன் வீட்டில் அப்போது நாங்கள் மூன்று பேர். நான், மனைவி, அவளுடைய அம்மா. அந்த அம்மா எனக்கு வேற்று ஆள் இல்லை. என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. மாமியார் ஆன பிறகும் எனக்கு அவள் அத்தைதான். கல்யாணமாகி ஆறு வருஷம் கழிந்தும் எங்களுக்குக் குழந்தை இல்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பெண்கள் ஜாடை பேசுவார்கள். என் மனைவி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டு வந்துவிடுவாள். வீட்டுக்கு வந்து அழுதாளா என்று நான் கவனித்ததில்லை. கவனிக்கிற ஜாதி இல்லை நான்.

நான் ஷாப்ட்டில், பூமிக்குள் நேராக இறங்கும் சுரங்கக் குழியில், வேலை பார்த்தவன். ஆட்களை இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டு இறங்கி நின்றதும் கதவைத் திறந்து அவர்களை அந்தந்த லெவலுக்குள், அதாவது சுரங்கத் தளத்துக்குள், விடுவது என் பொறுப்பு. ஒருநாள் அது நிற்பதற்கு முன்பே அவசரப்பட்டுக் கையை நீட்டினேன். வலது கையில் மூன்று விரல் போயிற்று. குற்றம் என்னுடையதுதான், யாரையும் சொல்வதற்கில்லை. சுத்தியல் பிடிக்க முடியாத ஆளைப் பூமிக்கடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? சுரங்கத்தை மேற்பார்த்த காப்டன் துரை இரக்கப்பட்டு என்னைத் தன் பங்களாவுக்குத் தோட்ட வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

அந்தப் பங்களாவில் ஒரு பறவை இருந்தது. சீமையிலிருந்து கூண்டோடு கொண்டுவந்தது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் உருண்டை, மார்பு மட்டும் செங்கல் நிறம். துரைசானியின் ஆறு வயது மகள் வளர்த்தது அது. மகள் இங்கே வந்த முதல் கோடையிலேயே வயிற்றுப்போக்கில் இறந்துபோனாள். அவள் கல்லறை பங்களாத் தோட்டத்துக் குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பறவை மிஞ்சியது. துரைசானி அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால் துரை வந்து கூப்பிட்டால்கூட எழுந்திருக்கமாட்டாள்.

அந்தப் பறவை தானியம் தொடாது. அதற்கு உயிருள்ள புழு வேண்டும். மஞ்சள் நிறம், ஓர் அங்குல நீளம், பளபளவென்று ஓடு போட்ட மாதிரி உடம்பு. அதையும் சீமையிலிருந்தே தவிட்டு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். கவனிப்பார் இல்லாமல் அது அழிந்துகொண்டே வந்தது. தோட்டத்தில் வெறுமனே நின்ற என்னைக் கூப்பிட்டுப் பட்லர் டப்பாவைக் கையில் கொடுத்தார். "இத்தப் பெருக்கிக் காட்டு பாப்போம். உனக்கு வேலை நிலைக்கும்," என்றார்.

இரண்டு விரலை வைத்துக்கொண்டு பொடிப் புழுவைப் பொறுக்க முடியவில்லை. மறுநாளே மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். யோசனை என்னுடையது, விரல் அவளுடையது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். பாதி யோசனையும் அவளுடையதுதான் என்பதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

முதலில் நம் ஊர் வழக்கப்படி கேழ்வரகுத் தவிட்டைப் போட்டேன். செத்துப்போகவில்லை, ஆனால் வளரவும் இல்லை. இரண்டு மாதம் ஆகியும் நூல் மாதிரியே கிடந்தன. பிறகு ரொட்டிக் கிடங்கிலிருந்து கோதுமைத் தவிடு வாங்கி வந்து பாதி டப்பாவுக்குப் போட்டோம். அந்தப் பாதி சரசரவென்று தடித்தது. ஒரே தாய் வயிற்றுப் புழு, ஒரே அலமாரி, தீனி மட்டும் வேறு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு ஜாதி என்று சத்தியம் செய்வீர்கள்.

ரொட்டிக் கிடங்கில் மாவு புளிக்கக் கள் ஊற்றுவார்கள். பானையின் அடியில் தங்கும் மண்டியைக் கொட்டிவிடுவார்கள். என் மனைவி அதை ஒரு தட்டில் வாங்கி, வெயிலில் காயவைத்துப் பொடித்துத் தவிட்டில் கலந்தாள். அதைத் தின்ற புழு இன்னும் சீக்கிரம் பருத்தது. அத்தை சபையில் மதுவிலக்குச் சத்தியத்துக்குக் கை தூக்கியவள். அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களை ஒரு பிடி பிடித்தாள்.

"வேதக்காரங்க வூட்ல கள்ளு நாத்தமா? பாதிரியார் வந்தா இன்னான்னு சொல்லுவ?"

"புழுதாம்மா குடிக்குது, நாங்களா குடிக்கிறோம்?" என்றாள் இவள். அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தண்ணீர் விஷயத்தில் நான் பெரிய தப்பு செய்தேன். உயிர் என்றால் தண்ணீர் குடிக்காதா என்று தவிட்டில் தெளித்துவிட்டேன். நாலு நாளில் தவிடு கட்டி தட்டி, பூசணம் பூத்து, கண்ணுக்குத் தெரியாத பூச்சி மொய்த்துப் பாதிப் புழு கறுத்துப்போயிற்று. அவள்தான் பூசணிக்காயில் ஒரு கீற்று நறுக்கி மேலே வைத்தாள். ஈரத்தைக் கீற்றிலிருந்தே உறிஞ்சிக்கொண்டன, தவிடு காய்ந்தபடியே இருந்தது. கீற்று வற்றியதும் மாற்றவேண்டும். மாற்ற மறந்தால் தாகத்துக்குத் தன் இனத்தையே தின்னும். கூட்டுப்புழு அசையாமல் வெள்ளையாகக் கிடக்கும், பாவம், அதன் வயிற்றில் ஓட்டை போட்டுவிடும். கூட்டிலிருந்து வெளிவரும் வண்டுகளும் லேசுப்பட்டவை அல்ல. தாம் இட்ட முட்டையைத் தாமே தின்றுவிடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது என் மனைவி டப்பாவை மூடிவைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

அதனால் நான் டப்பாக்களை லெவல் லெவலாகப் பிரித்தேன். முதல் லெவலில் வண்டு. அதில் கோணித் துண்டு போட்டிருப்போம், முட்டை அதில் ஒட்டிக்கொள்ளும். பத்து நாளுக்கு ஒருமுறை வண்டுகளை மட்டும் வேறு டப்பாவுக்கு மாற்றுவோம். அதற்கு ஷிப்ட் மாற்றுவது என்று பெயர். இரண்டாம் லெவலில் குஞ்சுப் புழு, மூன்றாவதில் பறவைக்கான புழு, நான்காவதில் கூட்டுப்புழு. ஒரு டப்பாவில் கூட்டம் அதிகமானால் தவிடு சூடாகும். கையை மேலே பிடித்தாலே தெரியும். நெருக்கத்தில் ஒன்றை ஒன்று கடிக்கும், வளர்ந்ததுகூடக் கூடாக மாறாமல் தயங்கிக்கொண்டே கிடக்கும். பிரித்து விசாலமாக விட்டால் மளமளவென்று மாறும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சூடு. சமையலறை அடுப்புச் சுவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில் வைத்தால் முட்டையிலிருந்து கொழுத்த புழு ஆவதற்கு மூன்று மாதம் போதும். ஒரு மார்கழியில் சமையலறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். டப்பாக்களைத் தூக்கிப் பின் வராந்தாவில் வைத்தோம். எங்கள் ஊர் மார்கழிக் குளிர் சாமானியமானது இல்லை. ஆறு வாரம் ஒரு புழுகூட வளரவில்லை, ஒன்றுகூடக் கூடாக மாறவில்லை. தீனியையும் தொட்டதாகத் தெரியவில்லை. போயிற்று, வேலை போயிற்று என்று தலையில் கை வைத்தேன். அவள் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து வாயால் ஊதினாள். அது மெதுவாக நெளிந்தது.

"குளிருக்குச் சும்மா கெடக்குது மாமா. ஒண்ணியும் ஆவல. சூட்டுக்கு வந்தா அப்பால வளரும் பாரேன்."

அலமாரிக்குத் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து வளர்ந்தன. குளிரில் வைத்தால் புழு புழுவாகவே கிடக்கும் என்பது எங்கள் இருவருக்கும் அன்றே தெரிந்துபோயிற்று. இதை மட்டும் நீங்கள் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். நானும் மறக்கவில்லை. அதுதான் விஷயம்.

இதற்கு நடுவில் பங்களாச் சமையல்காரர் தன் மைத்துனனை என் இடத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார். "தவிடு கொட்டி வைக்கிறதுக்கு ஒரு ஆளா?" என்று பட்லர் காதில் ஓதினார். அதைக் கேட்டதிலிருந்து நான் என் வேலையைப் பெரிதாக்கிக் காட்ட ஆரம்பித்தேன். துரைசானி பார்க்க வந்தால் ஒவ்வொரு டப்பாவையும் முகர்ந்து பார்ப்பேன், காதில் வைத்துக் கேட்பேன், கண்ணை மூடி யோசிப்பேன். கைப்பழக்கம் இல்லாதவன் தொட்டால் ஒரே வாரத்தில் எல்லாம் நாசமாகும் என்று பட்லரை விட்டு இங்கிலீஷில் சொல்லச் சொல்வேன். மனைவி தலையைக் குனிந்துகொண்டு பொறுக்கிக்கொண்டிருப்பாள். அவள் தோள் குலுங்கும், சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

துரைசானிக்கு உடம்பு தேறவே இல்லை. மழை ஓய்ந்ததும் அவள் முன்னால் சீமைக்குத் திரும்புவது, துரை இரண்டு வருஷம் கழித்துப் போவது என்று முடிவாயிற்று. மகளின் பறவையை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை. ஒருநாள் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். இங்கே வரும்போது கப்பலில் புழு டப்பாவை அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்தார்களாம். பாதி வழியிலேயே அநேகமாக எல்லாம் கறுப்பு வண்டாகிவிட்டதாம், பறவை அதைத் தொடாமல் பட்டினி கிடந்து செத்துப் பிழைத்ததாம்.

"அம்மா கேக்குறாங்க," என்றார் பட்லர், "நாலு வாரம் கப்பல்ல புழு புழுவாவே இருக்க இன்னா வழின்னு."

ஒரே ஒரு வாக்கியம் போதும். அடுப்படியில் வைக்காதீர்கள், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் இவ்வளவுதானா உன் வித்தை என்று ஆகிவிடுமே! ஒரு வருஷமாக முகர்ந்து பார்த்ததும் காதில் வைத்துக் கேட்டதும் என்ன ஆவது? அதோடு இன்னொரு ஆசையும் வந்துவிட்டது. ஆள் வேண்டும் என்றால் என்னைத்தானே கூட்டிப்போவார்கள்? மூன்று விரல் போனவன் கப்பல் ஏறிச் சீமை பார்த்து வந்தான் என்று லைன் முழுக்கப் பேச்சு நடக்குமே. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கூடவே ஆள் இருக்கணும்," என்றேன். "தெனம் பொறுக்கணும், பிரிக்கணும். கைப்பழக்கம் உள்ள ஆள் இல்லாங்காட்டி அத்தினியும் வண்டாப் பூடும். குருவி பொழைக்காது."

பட்லர் சொல்ல, துரைசானி தலையாட்டினாள். பிறகு கொஞ்ச நேரம் பேசினாள். பட்லர் என் பக்கம் திரும்பினார்.

"பொம்பளைங்க இருக்கிற ரூம்ல ஆம்பளையச் சேக்கமாட்டாங்களாம். உன் கையும் அந்த வேலைக்கு ஆவாது. பொறுக்கறது உன் சம்சாரம்தானே? அவங்கள இட்டுக்கினு போறாங்களாம். அடுத்த வருசம் இங்க திரும்புற குடும்பம் ஏதாச்சும் பாத்து, ஆயாவா அனுப்பி வெச்சுடுவாங்களாம். உனக்குத் துரை கேட்ல நிரந்தரமா வேலை போட்டுத் தருவாரு."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, நான் கழுத்தையே கொடுத்திருந்தேன், அதுவும் அவளுடைய கழுத்தை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அம்மா, நான் சொன்னது தப்பு, ஆளே வேண்டாம் என்று காலில் விழுந்திருக்கலாம். வேலை போயிருக்கும், அவ்வளவுதான். சமையல்காரர் சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "ஒரு புழுக்காக எம்பொண்ணக் கடல் தாண்டி அனுப்புவியா?" என்றாள். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆள் இல்லாங்காட்டி புழு நிக்காதுன்னு நீ சொன்னியா மாமா?"

"ஆமா."

"நெஜமாவா?"

"இன்னாமே கேள்வி இது? எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன். குற்றம் என் பக்கம் இருக்கும்போது எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு களைந்த தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு வந்தாள்.

"சரி மாமா. போய்ட்டு வரேன்," என்றாள்.

ஊரிகம் ஸ்டேஷனில் காலை வண்டியில் ஏற்றிவிட்டேன். பறவைக் கூண்டுக்குப் பச்சைத் துணி உறை. புழு டப்பாக்கள் ஒரு பிரம்புக் கூடையில். அதை அவள் மடியைவிட்டு இறக்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே கம்பளியை எடுத்துப்போ என்று எவ்வளவோ சொன்னேன். "அம்மாக்கு மார்கழிக்கு வேணும். அங்க அவங்க எதுனா குடுப்பாங்க," என்று விட்டுவிட்டாள். வண்டி நகரும்போது அத்தையைப் பார்த்துக் கையசைத்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், துரைசானிக்கு முன்னால் நான் டப்பாவை முகர்ந்து பார்க்கும்போது சிரிப்பாளே, அதே சிரிப்பு. நான் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டில் உட்காரும் வேலையை நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

கிறிஸ்துமஸ் கழிந்து வெகுநாள் ஆன பிறகு அவள் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் வேதம் படிக்கக் கற்ற எழுத்து, கோணல்மாணலாக, ஒரு தாளில் இரண்டு பக்கமும். அத்தைக்கு எழுத்து தெரியாது. அடுப்படியை விட்டு எழுந்து வந்து என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் சத்தமாகப் படித்தேன். ஸ்தோத்திரம், சுகம், கப்பலில் வாந்தி, கடல் பார்க்கப் பார்க்க முடிவில்லாதது, துரைசானி நல்ல மாதிரி, குருவி சுகம். பிறகு இந்த இடம் வந்தது.

"மாமா, ஒன்று எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கப்பலில் கூடையைக் கீழ்த்தட்டில் குளிர்ந்த மூலையில் வைத்தேன். நாலு வாரத்தில் ஏழெட்டுத்தான் கூடாயின. இந்த ஊர்க் குளிரில் அதுவும் இல்லை. எனக்கு இங்கே புழு வேலையே கிடையாது, துணி துவைக்க விட்டிருக்கிறார்கள். மார்கழியில் நாம் பார்த்ததுதானே. நீ மறந்திருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். எல்லோர் முன்னாலும் உன் பேச்சு பொய் என்று ஆகக்கூடாது என்றுதான் வந்தேன்."

கண் அதைப் படித்தது. வாய் படிக்கவில்லை. குருவி சுகம் என்பதிலிருந்து தாவி, இங்கே வானத்திலிருந்து பஞ்சு போலப் பனி விழுகிறது, காலில் ரத்தம் கட்டுகிறது, கோடையில் வந்துவிடுவேன் என்பதற்குப் போய்விட்டேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு தபா படி மாப்ள," என்றாள். இன்னொரு தடவையும் தாவினேன்.

அன்று எனக்கு வெட்கம் பாதி, நிம்மதி பாதி. அவளுக்குத் தெரியும், தெரிந்தும் மன்னித்துவிட்டாள், வந்ததும் காலைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வந்ததும் என்னென்ன சொல்வது என்று கேட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க ஒத்திகை பார்ப்பேன். அவள் எனக்கு மனைவியாக வாய்த்ததற்கு முதல் தடவையாக நன்றி சொல்லி ஜெபம் செய்தேன்.

மாசி கடைசியில் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். துரைசானியின் கடிதம் மேஜைமேல் இருந்தது. பட்லர் அதைத் தமிழில் சொன்னார். என் மனைவி நெஞ்சில் சளி கட்டிப் பதினோரு நாள் கிடந்தாளாம். வைத்தியர் இரண்டு தடவை வந்தாராம். அவர்கள் ஊர்க் கோயில் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்களாம், துரைசானியே பூ வைத்தாளாம். கடைசியில், குருவி நன்றாக இருக்கிறது, காலையில் பாடுகிறது என்று எழுதியிருந்தது. துரை என் தோளில் கை வைத்தார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். குருவி பாடினால் எனக்கென்ன? அந்தக் குருவி செத்துத் தொலைந்திருக்கக்கூடாதா என்று அவர் முகத்துக்கு நேராகத் தமிழில் கத்தினேன். பட்லர் அதை மொழிபெயர்க்கவில்லை.

அவள் மண்ணைக்கூட நான் பார்த்ததில்லை. இங்கே துரைசானியின் மகள் கல்லறை இருக்கிறது, அங்கே என் மனைவியின் கல்லறை இருக்கிறது. இரண்டையும் இடம் மாற்றிக்கொடு ஆண்டவரே என்று அந்தப் பிள்ளையின் கல்லறைக்குப் போய் நின்று அழுதிருக்கிறேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கோயிலிலிருந்து திரும்பியதும் அத்தை பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்துவந்து நீட்டுவாள். "படி மாப்ள." மகளின் குரல் கேட்க வேண்டும் அவளுக்கு. நான் படிப்பேன். அந்த இடம் வரும். தாவுவேன். எல்லா வார்த்தையும் மனப்பாடம் ஆகிவிட்டது, தாவுகிற இடமும் மனப்பாடம் ஆகிவிட்டது. இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. பெற்றவளுக்கு அவள் கடைசியாக எழுதியதிலேயே பெரிய வார்த்தையை நான் திருடி வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் நந்திதுர்க் சுரங்கத்துப் பங்களாவில் வேலை செய்யும் ஆள் ஒருவன் எங்கள் வாசலுக்கு வந்தான். என்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவனுடைய துரைசானியிடமும் புழு தின்னும் பறவை இருக்கிறதாம், கோடைக்கு நீலகிரிக்குப் போகிறார்களாம். அத்தை முறத்தை மடியில் வைத்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வழியில அல்லாம் வண்டாயிடும்னு பயப்படறாங்கண்ணா. நீங்க கூட வந்தா நல்லாருக்கும்னு கேக்குறாங்க," என்றான்.

"எதுக்கு ஆளு?" என்றேன். "ஜில்லுனு கீற எடத்துல வெச்சா அது பாட்டுக்குப் புழுவாவே கெடக்கும். மாசக்கணக்குல கெடக்கும். ஆளே தேவயில்ல."

அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். சொல்லி முடிக்க மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவு லேசான வார்த்தை. திரும்பிப் பார்த்தேன். அத்தை கையில் அவரைக்காய் அப்படியே இருந்தது. என்னைப் பார்க்கவில்லை, காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முறத்தை இறக்கிவைத்துவிட்டு எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். மடிப்பு விட்டுக் கிழியத் தொடங்கிய அந்தத் தாளை என்னிடம் நீட்டினாள். இந்தத் தடவை படி என்றுகூடச் சொல்லவில்லை.

நான் படித்தேன். ஸ்தோத்திரம், சுகம், வாந்தி, கடல், துரைசானி, குருவி. அந்த இடம் வந்தது. நிறுத்தி, எச்சில் விழுங்கி, ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். மார்கழியில் நாம் பார்த்ததுதானே என்ற இடத்தில் அழ ஆரம்பித்துவிட்டேன். அழுதுகொண்டே முடித்தேன். உன் பெண்ணை நான்தான் கொன்றேன் அத்தை, அனுப்பத் தேவையே இல்லை, எனக்கு அன்றே தெரியும் என்று சொன்னேன். அவள் எழுந்து என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"கெளம்பறதுக்கு மொத நாளே எங்கிட்ட சொல்லிட்டா மாப்ள," என்றாள் அத்தை. "புழுக்கு நான் வேணாம்மா, மாமா வார்த்தைக்குத்தான் நான் வேணும்னு சொன்னா. உன்ன ஒண்ணியும் கேக்கக்கூடாதுன்னு என் கையில சத்தியம் வாங்கிக்கினா."

நான் தாளிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தேன்.

"கடுதாசியில அத எழுதியிருப்பான்னு எனக்குத் தெரியும். அந்த எடம் வந்தா நீ எச்சி முழுங்குவ. எப்ப நீ அதப் படிப்பியோன்னுதான் நாயித்துக்கெழம நாயித்துக்கெழம உன்னப் படிக்கச் சொல்லிக்கினு இருந்தேன்."

தாளை என் கையிலிருந்து வாங்கிப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். பெட்டியில் வைத்து மூடிவிட்டு வந்து, மிச்சமிருந்த அவரையை உரித்து, அன்று எனக்குச் சோறு போட்டாள்.

அத்தை அதற்குப் பிறகு மூன்று வருஷம் என்னோடு இருந்தாள். அந்தக் கடிதத்தைப் படிக்கச் சொல்லி ஒரு ஞாயிறுகூட என்னிடம் கேட்கவில்லை.